இறந்தவருக்கு எத்தனை நிமிடம்?



வெள்ளிக்கிழமை ஒரு புதிய குற்றத் தொடர் வெளியாகிறது. சனிக்கிழமை காலைக்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. முதல் எபிசோடே இழுவை என்கிறார் ஒருவர். கடைசி ஐந்து நிமிடத்தில் மிரட்டிவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். எட்டு மணி நேரம் ஓடும் கதையை அதன் முதல் ஐம்பது நிமிடத்தை வைத்து எடைபோடலாமா என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு.

போடலாம் என்பதுதான் என் பதில். ஆனால் தராசில் எதை வைக்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொலையாளி யார், முடிச்சு எப்படி அவிழும், கதை எங்கே போய் நிற்கும் என்பதெல்லாம் முதல் எபிசோடில் நம் கைக்கு வருவதே இல்லை. வராத ஒன்றைப் பற்றி நன்று தீது சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. நம் கையில் இருப்பது ஒரு சாவு. அந்தச் சாவை இந்தத் தொடர் என்ன கண்ணோடு பார்க்கிறது, இறந்துபோனவருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறது, மிச்சம் இருப்பவர்கள் மேல் அந்தச் சாவு எவ்வளவு பாரமாக இறங்குகிறது என்பவற்றை முதல் மணி நேரத்திலேயே அடித்துச் சொல்லிவிடலாம். குற்றக் கதைக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறவன் நான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1990 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘ட்வின் பீக்ஸ்’ தொடங்கியது. டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கிய தொடர். வாஷிங்டன் மாநிலத்தில், மர ஆலையை நம்பிப் பிழைக்கும் ஒரு கற்பனை ஊர். காலையில் மீன்பிடிக்கப் புறப்படும் ஒருவர், பிளாஸ்டிக் தாளில் சுற்றப்பட்ட உடல் ஒன்று கரை ஒதுங்கிக் கிடப்பதைப் பார்க்கிறார். ஷெரீஃப் வந்து தாளை விலக்குகிறார். பள்ளி மாணவி லாரா பால்மர். வழக்கமான தொடர் என்றால் அடுத்த காட்சியிலேயே துப்பறிவாளர் காரிலிருந்து இறங்கியிருப்பார். இங்கே எஃப்பிஐ அதிகாரி கூப்பர் வந்து சேருவதற்குள் ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடிவிடுகிறது. அந்த அரை மணி நேரமும் ஊர் சேதி கேட்கிற நேரம்.

முதலில் அழுபவர் ஒரு போலீஸ்காரர். சடலத்தைப் படமெடுக்க வந்த ஆண்டி, கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே தேம்புகிறார். அதன்பிறகு தாய். மகள் படுக்கையில் இல்லை என்றதும் ஒவ்வொரு இடமாகத் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டு வருகிற சாரா, கடைசியில் ஓட்டலில் வேலையாக இருக்கும் கணவனைப் பிடிக்கிறாள். அவன் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஷெரீஃப் உள்ளே வருகிறார். அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கணவன் ஷெரீஃபின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் மறுமுனையில் இருப்பவளுக்குப் புரிந்துவிடுகிறது. ரிசீவர் அவன் கையிலிருந்து நழுவித் தொங்குகிறது. அவளுடைய ஓலம் அதன் வழியாக வந்துகொண்டே இருக்கிறது. அப்புறம் பள்ளிக்கூடம். வகுப்புக்குள் ஒரு போலீஸ்காரர் வந்து ஆசிரியையிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்கிறார். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு மாணவி அலறிக்கொண்டு ஓடுகிறாள். லாராவின் தோழி டோனா, ஆளில்லாத நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லத் தேவைப்படவில்லை.

இந்த எபிசோடுக்கு இன்னொரு வடிவமும் உண்டு. ஐரோப்பாவில் தனிப் படமாக விற்க வேண்டும், அதற்குக் கதை முடிந்தாக வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அதற்காகச் சில காட்சிகளைக் கூடுதலாக எடுத்துக் கொலையாளியைக் காட்டி, அவனைச் சுட்டும் கொன்று, கணக்கை முடித்தார் லிஞ்ச். அதில் ஒரு பகுதி பிற்பாடு தொடருக்குள் கூப்பரின் கனவாக வந்து புகழ்பெற்றது. ஆனால் ‘இன்னார்தான் கொன்றார்’ என்று சொல்லும் அந்த முடிவை இன்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட வடிவம் தூசி படிந்து கிடக்கிறது. விடையே இல்லாத வடிவத்தை முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். ஒரு குற்றத் தொடரின் முதல் எபிசோடைப் புதிர் தாங்குவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் ஏன் பெரும்பாலான முதல் எபிசோடுகள் புதிரைப் போட்டு மூச்சுமுட்ட வைக்கின்றன? அவை தயாராகும் விதமே காரணம். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் தொடரைப் பெரும்பாலும் மொத்தமாக வாங்குவதில்லை. பைலட் என்று ஒரே ஓர் எபிசோடை எடுக்கச் சொல்லி, அதைச் சிலருக்குப் போட்டுக் காட்டி, பிடித்தால்தான் மேற்கொண்டு பணம் தருவார்கள். அதாவது முதல் எபிசோட் முதலில் விற்பனை மாதிரி, பிறகுதான் கதையின் தொடக்கம். 1981 ஜனவரியில் என்பிசியில் வந்த ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ தொடரின் முதல் எபிசோடில், ரோந்து போகும் இரண்டு போலீஸ்காரர்கள் தங்கள் கார் திருடுபோனதால் தொலைபேசி தேடி ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள் நுழைந்து சுடப்படுகிறார்கள். அவர்களில் ரென்கோ என்பவர் செத்துவிடுவதாகத்தான் முதல் திட்டம். பிறகு மனம் மாறிப் பிழைக்க வைத்தார்கள். தொடரின் கடைசிவரை அவர் இருந்தார். முதல் பருவத்தில் அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பார்வையாளர் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் அதோடு மூடியிருப்பார்கள். அந்த ஆண்டே 8 எம்மி விருதுகள் வந்து சேர்ந்தன.

இப்போது ஓடிடியில் பைலட் முறை ஏறக்குறையப் போய்விட்டது. முழுப் பருவத்தையும் எடுத்து முடித்து, பல தொடர்களை ஒரே நாளில் இறக்கிவிடுகிறார்கள். இனி முதல் எபிசோட் நிதானமாக இருக்கலாம் என்று நானும் எதிர்பார்த்தேன். நடந்ததோ வேறு. எபிசோட் முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானாக ஓடத் தொடங்குவதால், அந்தச் சில நொடிகளில் நம்மை எழவிடாமல் செய்வது எழுத்தாளரின் தலையாய வேலையாகிவிட்டது. கடைசி நிமிடத்தில் ஒரு கதவு திறக்கும், ஒரு முகம் தெரியும், படம் இருண்டுவிடும். இந்தக் கடைசி நிமிடத்தை வைத்து ஒரு தொடரைப் புகழாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அதை எழுதுவது சுலபம். அதற்கு முந்தைய நாற்பத்தொன்பது நிமிடங்களை எழுதுவதுதான் கஷ்டம்.

‘தி வயர்’ தொடருக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2002 ஜூன் 2 அன்று எச்பிஓவில் தொடங்கியது. உருவாக்கியவர் டேவிட் சைமன், பால்டிமோர் நகரத்தில் ‘பால்டிமோர் சன்’ நாளிதழின் குற்றச்செய்தி நிருபராக இருந்தவர். அவரோடு சேர்ந்து எழுதிய எட் பர்ன்ஸ் அதே நகரத்தின் கொலை வழக்குப் பிரிவில் துப்பறிவாளராக இருந்து, பிறகு பள்ளி ஆசிரியரானவர். முதல் காட்சி இதுதான். தெருவில் ரத்தம், அதன்மேல் போலீஸ் வண்டியின் நீல வெளிச்சம். மக்நல்ட்டி என்ற துப்பறிவாளர் ஒரு வீட்டுப் படிக்கட்டில் சாட்சியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். செத்துக்கிடப்பவனுக்குச் சிறுவயதில் மூக்கு ஒழுகியதால் வந்த பட்டப்பெயர்தான் கடைசிவரை நிலைத்தது. வாராவாரம் சந்தில் நடக்கும் பகடையாட்டத்தில் சேருவான். பணம் சேர்ந்ததும் வாரிக்கொண்டு ஓடுவான். மற்றவர்கள் துரத்திப் பிடித்து அடிப்பார்கள். அடுத்த வாரம் மறுபடி ஆட்டத்துக்கு வருவான். இந்த வாரம் எவனோ ஒருவன் அடியோடு நிறுத்தாமல் சுட்டுவிட்டான். ஒவ்வொரு தடவையும் திருடுகிறவனை ஏன் ஆட்டத்தில் சேர்த்தீர்கள் என்று மக்நல்ட்டி கேட்கிறார். சேர்த்துத்தான் ஆக வேண்டும், இது அமெரிக்கா அல்லவா என்கிறான் சாட்சி.

அந்தக் கொலைக்கும் தொடரின் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கதைக்கு உதவாத ஒரு சாவுக்கு ஒரு தொடர் தன் முதல் சில நிமிடங்களைக் கொடுக்கிறது. அவனுக்கு ஒரு பெயர், ஒரு பழக்கம், அவனை அடித்தாலும் ஒதுக்காத ஒரு தெரு, எல்லாம் கிடைத்துவிடுகின்றன. இந்தத் தொடர் யாரை எப்படி நடத்தப்போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. அதன்பிறகு வரும் நாற்பது ஐம்பது முகங்களை முதல் தடவையில் யாராலும் அடையாளம் வைத்துக்கொள்ள முடியாது. வழக்குமன்றம், போலீஸ் அலுவலகம், குடியிருப்புக்கு நடுவே திறந்தவெளியில் கிடக்கும் ஆரஞ்சு நிறச் சோபா, அதில் உட்கார்ந்து போதைப்பொருள் விற்பனையை மேற்பார்க்கும் டி’ஆஞ்சலோ என்ற இளைஞன். குழப்பம்தான். குழம்பினால் பரவாயில்லை, நீங்கள் முன்பின் தெரியாத ஊருக்கு வந்திருக்கிறீர்கள் என்று தொடர் நம்மை நடத்துகிறது. இந்த மரியாதையைத்தான் பலர் இழுவை என்று எழுதினார்கள்.

எபிசோடின் முடிவில் ஒரு சின்ன விபத்து நடந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். டி’ஆஞ்சலோ மேல் கொலை வழக்கு. ஒரு சாட்சி பயந்து பின்வாங்குகிறாள். கான்ட் என்ற சாதாரணத் தொழிலாளி மட்டும் கூண்டில் ஏறி, சுட்டவன் இவன்தான் என்று காட்டுகிறார். இருந்தும் டி’ஆஞ்சலோ விடுதலையாகிறான். எபிசோட் முடியும்போது தெருவில் இன்னொரு சடலம். கூட்டத்தில் நிற்கும் டி’ஆஞ்சலோ அந்த முகத்தைப் பார்க்கிறான். கான்ட். அந்த இடத்தில் வழக்குமன்றத்தில் கான்ட் சாட்சி சொன்ன காட்சி ஒரு நொடி திரும்ப வந்து போகிறது. நேயர்களுக்கு ஞாபகம் இருக்காது என்று எச்பிஓ வற்புறுத்தியதால் சேர்த்தது அது. சைமனுக்கு அதில் விருப்பமில்லை. அறுபது எபிசோடுகளில் அந்த உத்தியை அவர் மறுபடி கையாளவில்லை.

எனக்கு அந்த ஒரு நொடி இன்றும் உறுத்துகிறது. அதே எபிசோடில் உயிரைப் பணயம் வைத்துப் பேசிய ஒரு மனிதரின் முகத்தை மறந்துவிடுகிற ஆட்கள் என்று நம்மை யாரோ முடிவுகட்டியிருக்கிறார்கள். மறந்திருந்தால் அந்த மறதியை நாம் உணர்வதும் எபிசோடின் பகுதியாக இருந்திருக்க வேண்டும். ‘தி வயர்’ 2008 வரை ஐந்து பருவங்கள் ஓடியது. ஓர் எம்மிகூட அதற்குக் கிடைக்கவில்லை. இன்று தொலைக்காட்சி வரலாறு எழுதுகிற யாரும் அதை விட்டுவிட்டு எழுத முடியாது.

சரி, நேயரை ஈர்த்துக்கொண்டே சாவுக்கு மரியாதை செய்ய முடியாதா? தாராளமாக முடியும். 2013 மார்ச் 4 அன்று பிரிட்டனின் ஐடிவியில் வந்த ‘பிராட்சர்ச்’ முதல் எபிசோட் அதைச் செய்தது. கிறிஸ் சிப்னால் எழுதியது. டார்செட் கடற்கரையில் ஒரு சிற்றூர்; காலையில் மார்க் என்ற பிளம்பர் கடைவீதியில் நடந்து போகிறார், எதிர்ப்படுகிற எல்லோரோடும் இரண்டு வார்த்தை பேசுகிறார். வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். எட்டு வாரம் நாம் சந்தேகப்படப்போகிறவர்களில் பலரை அந்த நடையில் அறிமுகம் செய்துவிடுகிறார்கள். நமக்கு அது தெரியாது. ஒரு ஊர் தன்பாட்டில் காலை வணக்கம் சொல்லிக்கொள்வதாக மட்டுமே படுகிறது. தொழில்திறமை என்றால் அது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் மார்க்கின் மனைவி பெத், பள்ளி விளையாட்டு விழாவில் பதினொரு வயது மகன் டேனி அங்கே இல்லை என்று அறிகிறாள். காரில் போகும்போது போக்குவரத்து நெரிசல். கடற்கரையில் ஏதோ போலீஸ் விவகாரமாம். காரை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறாள். மணலில் துணி போர்த்திய சின்ன உருவம். துணிக்கு வெளியே தெரியும் ஷூவைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

அவளுக்குச் சற்று முன்பே அங்கே வந்தவள் எல்லி மில்லர், போலீஸ் சார்ஜென்ட். விடுமுறை முடிந்து சக ஊழியர்களுக்குப் பரிசுப் பொருட்களோடு அன்று காலை வேலைக்குத் திரும்பியவள். தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வெளியூரிலிருந்து வந்த ஹார்டிக்குப் போய்விட்டது என்று அப்போதுதான் கேள்விப்பட்டிருக்கிறாள். கடற்கரையில் சடலத்தைப் பார்த்ததும் உடைந்துபோகிறாள். இந்தப் பையனைத் தெரியும், என் மகனின் சிநேகிதன் என்கிறாள். ஹார்டி அவளைப் போலீஸாக நடந்துகொள்ளச் சொல்கிறார். எல்லியாக நடிக்கும் ஒலிவியா கோல்மன் அந்த நிமிடத்தில் செய்வது நடிப்புப் பயிற்சியில் சொல்லித்தரக் கூடியது இல்லை. வேலையும் துக்கமும் ஒரே முகத்தில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன.

இதே தொடரை அமெரிக்காவில் ஃபாக்ஸ் நிறுவனம் 2014இல் ‘கிரேஸ்பாயின்ட்’ என்று எடுத்தது. துப்பறிவாளராக, ஹார்டியாக நடித்த அதே டேவிட் டெனன்ட். முதல் எபிசோட் ஏறக்குறையக் காட்சிக்குக் காட்சி அச்சு. அந்த ஒரு பருவத்தோடு நின்றுபோனது. அமைப்பை எடுத்துக்கொண்டு போகலாம். அந்தக் கரையில் நிற்பவர்களுக்கும் அந்தப் பையனுக்கும் இருந்த உறவைக் கொண்டுபோக முடியவில்லை என்றே எனக்குப் படுகிறது.

விளையாட்டாக எழுதப்படும் குற்றக் கதைகளுக்கும் இது பொருந்துமா என்று கேட்பீர்கள். ‘கொலம்போ’ இருக்கிறதே, அதில் கொலையாளியை முதலிலேயே காட்டிவிடுவார்கள், இறந்தவருக்காக யாரும் அதிகம் அழுவதில்லையே என்பீர்கள். உண்மை. அது வேறு வகை. துக்கத்தைப் பற்றியது என்று அது ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. தன் புத்திசாலித்தனத்தால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கும் பணக்காரக் கொலையாளியின் ஆணவத்தை, கசங்கிய மழைக்கோட்டு போட்ட ஒருவர் மெல்ல உடைப்பதைப் பற்றியது. அதை அந்த ஆணவத்தை எவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறது என்பதை வைத்து எடைபோட வேண்டும். என் சண்டை, துக்கத்தை விளம்பரத்தில் காட்டிவிட்டுப் புதிரை மட்டும் விற்கிற தொடர்களோடுதான்.

என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சாட்சியையும் நானே கூப்பிடுகிறேன். 2007இல் டென்மார்க்கில் வந்த குற்றத் தொடர் ‘ஃபோர்பிரூடல்சென்’. சாரா லுண்ட் என்ற பெண் துப்பறிவாளர், ஒரு வழக்கு, இருபது எபிசோடுகள், ஒவ்வொன்றும் ஒரு நாள். அதன் முதல் எபிசோடிலும் தொலைபேசிதான்: நீரிலிருந்து கார் தூக்கப்படும் இடத்துக்குத் தகப்பன் வந்து சேரும்போது, மறுமுனையில் இருக்கும் தாய்க்கு அவன் கதறல் கேட்கிறது. 2011 ஏப்ரலில் ஏஎம்சி அதை ‘தி கில்லிங்’ என்று சியாட்டிலுக்கு மாற்றி எடுத்தது. விடாத மழை, மகளை இழந்த பெற்றோரின் சமையலறை. முதல் எபிசோடுகளை விமர்சகர்கள் கொண்டாடினார்கள், நியாயமாகவே. நான் சொன்ன எல்லாம் அதில் இருந்தன. ஆனால் விளம்பரம் முழுக்க ‘ரோஸி லார்சனைக் கொன்றது யார்’ என்ற கேள்வியாகவே இருந்தது. வாரம் ஒரு பொய்த்தடம் காட்டிக்கொண்டே போய், பதின்மூன்றாவது எபிசோடில், ஜூன் மாதம், விடை சொல்லாமலே பருவத்தை முடித்தார்கள். நேயர்கள் கொதித்துப்போனார்கள்.

அப்போது முதல் எபிசோடை வைத்துப் பாராட்டியவர்கள் ஏமாந்தார்களா? இல்லை என்பேன். அந்தப் பெற்றோரைப் பார்த்த கண் உண்மையானது, பாராட்டும் சரி. பிற்பாடு வந்த கோபமும் சரி. தாயும் தகப்பனும் சாப்பாட்டு மேசையில் பேச்சின்றி உட்கார்ந்திருந்த வீட்டுக்குள், வாரம் ஒரு சந்தேக ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி வேடிக்கை காட்டியது அந்தத் துக்கத்துக்குச் செய்த துரோகம். முதல் எபிசோட் கொடுத்த வாக்கை எழுத்தாளர்களே காப்பாற்றவில்லை. அவர்கள் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதை அந்த முதல் மணி நேரத்தில் சரியாகப் படித்தவர்களுக்குத்தான் அது எங்கே முறிந்தது என்று சுட்டிக்காட்டவும் முடிந்தது.

எப்போது நிறுத்திவிடலாம் என்றும் கேட்கிறார்கள். மெதுவாக நகர்கிறது என்பதற்காக நான் எதையும் நிறுத்துவதில்லை. மூன்று எபிசோடாவது பார்ப்பேன். ஆனால் பிணவறை மேசையில் கிடக்கும் இளம்பெண்ணின் உடல்மேல் கேமரா தோள், கழுத்து, உதடு என்று நீல வெளிச்சத்தில் ஊர்ந்துபோகும் தொடர்கள் இருக்கின்றன. அவளைப் பற்றி நமக்குத் தரப்படுவது ஒரு புகைப்படமும் வயதும். துப்பறிவாளரின் குடிக்கும் முறிந்த கல்யாணத்துக்கும் கால் மணி நேரம். அங்கே நான் நிறுத்திவிடுவேன். ஐந்தாவது எபிசோடில் பிரமாதமாகிறது என்று யார் சொன்னாலும் திரும்பப் போவதில்லை.

நம் மொழியில் வந்ததையும் இந்தத் தராசில் வைக்க வேண்டும் அல்லவா. 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வந்த ‘சுழல்’. புஷ்கர்–காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய எட்டு எபிசோடுகள். முதல் எபிசோடில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் ஊரில் ஆலை பற்றி எரிகிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்துக்கும் இன்ஸ்பெக்டர் ரெஜினாவுக்கும் பகை முற்றியிருக்கும் நேரம். சண்முகத்தின் மகள் நிலாவைக் காணவில்லை. தீ பிரம்மாண்டமாக எடுக்கப்பட்டிருந்தது, எல்லோரும் அதைத்தான் எழுதினார்கள். எனக்குப் பட்டது வேறு. ஊரும் சங்கமும் போலீசும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு பெண்பிள்ளை பார்வையிலிருந்து தப்பிப்போகிறாள். பிள்ளைகளுக்கு நேர்வதை வீடும் ஊரும் கவனிக்கத் தவறுவதுதான் இந்தத் தொடரின் விஷயம் என்பதைக் கடைசிவரை பார்த்தவர்கள் அறிவார்கள். முதல் எபிசோட் அதைக் காட்சியிலேயே வைத்துவிட்டது. என் மனத்தாங்கலும் அங்கேதான்: நெருப்புக்குக் கொடுத்த நிமிடங்களில் பாதியையாவது நிலாவுக்குக் கொடுத்திருக்கலாம். காணாமல்போனவளை நாம் ஓரளவு தெரிந்துகொண்ட பிறகு தேடியிருப்போம்.

அதே ஆண்டு டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கிய ‘வதந்தி’ வந்தது. வெலோனி என்ற இளம்பெண்ணின் கொலையை எஸ்.ஜே. சூர்யா நடித்த போலீஸ் அதிகாரி விசாரிக்கிறார். செத்தவளைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை. பேச அவள் இல்லை. முதல் எபிசோட் அந்தக் கதைகளை நம் காதிலும் போடுகிறது, நாமும் பாதி நம்புகிறோம். அந்த அதிகாரி நம்ப மறுக்கிறார், அவள் யார் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறார், வீட்டில் தூக்கம் கெடும் அளவுக்கு. அந்த விருப்பம் தெரிந்ததும் நான் மிச்ச ஏழு எபிசோடுகளையும் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். கொலையாளி யார் என்ற யோசனை அப்போது எனக்கு வரவே இல்லை.